வில் கொடுத்தவரே தந்தை: சமூகத் தந்தைமை என்றால் என்ன?

நீலகிரியில் தோடர் குடும்பத்துப் பெண் ஒருத்தி முதல் முறையாகக் கருவுற்று ஏழாம் மாதத்தை நெருங்கும்போது ஒரு சடங்கு நடக்கும். மந்து எனப்படும் தோடர் குடியிருப்புக்கு அருகே சோலையோரம் நிற்கும் நாவல் இனத்து மரம் ஒன்றில் சிறு மாடம் குடைந்து, அதில் விளக்கேற்றி வைப்பார்கள். ஒரு குச்சியை வளைத்து வில்லாகவும், ஒரு புல்லைக் கிள்ளி அம்பாகவும் ஆக்கி, கணவன் அதை மனைவியின் கையில் கொடுப்பான். அவள் அதை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டு, மாடத்தில் எரியும் விளக்கையே பார்த்தபடி இருப்பாள். அந்த வில்லால் எதையும் எய்ய முடியாது. தோடர்கள் எருமை மேய்த்து வாழ்ந்தவர்கள். வேட்டை அவர்கள் தொழிலும் அல்ல. ஆனால் அந்த வில் கைமாறியதும் பிறக்கப்போகும் குழந்தையின் தந்தை யார் என்பது உறுதியாகிவிடுகிறது. வில் கொடுத்தவரே தந்தை.

கணவன்தானே கொடுக்கிறான், இதில் உறுதிப்படுத்த என்ன இருக்கிறது என்று தோன்றலாம். பழைய நாளில் தோடர்களிடையே சகோதரர்கள் சேர்ந்து ஒரே பெண்ணை மணக்கும் வழக்கம் இருந்தது. மூத்தவனுக்கு மணமான பெண் இளையவர்களுக்கும் மனைவி. அப்படிப்பட்ட வீட்டில் வில்லைப் பெரும்பாலும் மூத்தவனே கொடுப்பான். இளையவர்களையும் குழந்தை தந்தை என்றே கருதும். பலகணவர் மணம் இருபதாம் நூற்றாண்டில் படிப்படியாக மறைந்துவிட்டது. வில் சடங்கு மறையவில்லை. இன்று அது பல குடும்பங்களில் திருமணத்தோடு இணைந்த நிகழ்வாகத் தொடர்கிறது. நம் செய்தித்தாள்கள் அதை 'வில் அம்பு சாஸ்திரம்' என்று எழுதுகின்றன.

குடும்பம் பற்றிய கோட்பாடுகளைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் இந்தச் சடங்கைத்தான் சொல்வேன். இரண்டு கேள்விகளை நாம் வாழ்நாள் முழுக்க ஒன்றாகவே போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இந்த வில் அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. ஒரு குழந்தை யாருடைய விந்திலிருந்து உருவானது என்பது ஒரு கேள்வி. அந்தக் குழந்தைக்குக் குலமும் பெயரும் சொத்தும் காவலும் கொடுக்கும் பொறுப்பை ஊரறிய ஏற்றவர் யார் என்பது வேறொரு கேள்வி. மானிடவியலாளர்கள் முதலாமவரை ஜெனிட்டர் என்றும் இரண்டாமவரை பேட்டர் என்றும் லத்தீனில் குறிப்பார்கள். தமிழில் உயிரியல் தந்தை, சமூகத் தந்தை என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான வீடுகளில் இருவரும் ஒரே ஆள். அதனாலேயே இரண்டும் வெவ்வேறு உறவுகள் என்பது நம் கண்ணில் படுவதில்லை.

இந்தச் சடங்கை விரிவாகப் பதிவு செய்து உலகறியச் செய்தவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர். மருத்துவம் படித்து உளவியலுக்கு வந்தவர். 1898இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழுவோடு ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினிக்கும் இடையே உள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போனபோது வம்சாவளி முறை என்ற ஆய்வு வழியை உருவாக்கினார். ஒவ்வொருவரிடமும் உன் தாய் யார், தந்தை யார், அவர்களுக்கு வேறு பிள்ளைகள் உண்டா, அவர்கள் யாரை மணந்தார்கள் என்று கேட்டுக் கேட்டு ஒரு சமூகம் முழுவதையும் உறவுக் கோடுகளாக வரைந்துவிடுவது அந்த முறை. 1901-02இல் நீலகிரிக்கு வந்து அதையே தோடர்களிடம் செய்தார். இறந்துபோன சொந்தக்காரர்களின் பெயரைச் சொல்வது தோடர்களுக்கு விலக்கு. ஆகவே ஒரு குடும்பத்தின் வம்சாவளியை அடுத்த குடும்பத்தாரிடம் கேட்டு எழுத வேண்டியிருந்தது. தோடர்கள் குறித்த அவருடைய பெரிய நூல் 1906இல் வெளிவந்தது.

உன் தந்தை யார் என்று கேட்டபோது கிடைத்த பெயர்களெல்லாம் வில் கொடுத்தவர்களின் பெயர்கள். அந்த நூலில் இருக்கும் வம்சாவளிகள் ரத்தத்தின் வரைபடம் என்று யாராவது எடுத்துக்கொண்டால் முற்றிலும் தவறாகப் படிக்கிறார் என்று பொருள். ரிவர்ஸ் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. தந்தைமையை முடிவு செய்வது சடங்கே என்று தெளிவாக எழுதினார். பின்னர் உலகின் பல மூலைகளிலும் உறவுமுறையை ஆராயப் போனவர்களுக்கு அந்தத் தெளிவு பெரிய உதவியாக இருந்தது.

வில்லின் விதிகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கோட்பாட்டின் சாரமே அங்கேதான் இருக்கிறது.

ஒருவர் ஒருமுறை வில் கொடுத்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு அடுத்தடுத்துப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் அவரே தந்தை. இன்னொருவர் முறைப்படி வில் கொடுக்கும்வரை இது மாறாது. சகோதரர்கள் சொத்தைப் பிரித்துக்கொண்டு தனித்தனியே போனாலும், பெண்ணின் கணவர்கள் வெவ்வேறு மந்துகளைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும், ஒரு கர்ப்பத்துக்கு ஒருவர், பிந்திய கர்ப்பத்துக்கு இன்னொருவர் என்று வில் கொடுத்துத் தந்தைமையைப் பகிர்ந்துகொள்ள முடிந்தது. எல்லாவற்றையும்விட வியப்பூட்டும் விதி ஒன்று உண்டு. வில் கொடுத்தவர் இறந்து ஆண்டுகள் ஓடிவிட்டாலும், அதன்பின் வேறு யாரும் வில் கொடுக்கவில்லை என்றால், பிறக்கும் குழந்தைக்கு இறந்தவரே தந்தை.

இறந்தவர் எப்படித் தந்தையாவார் என்று கேட்பது உயிரியல் கேள்வி. தோடர்கள் அந்த இடத்தில் கேட்டுக்கொண்டது இந்தக் குழந்தை எந்தக் குலத்தில் அமரும், எந்த மந்தில் அதற்கு உரிமை, எந்த எருமை மந்தையில் அதற்குப் பங்கு என்பது. அதற்கு இறந்தவரின் பெயரே போதும். யாருமே வில் கொடுக்காத குழந்தையின் நிலைதான் பரிதாபம். அதற்குத் தந்தைவழிக் குலமே இல்லாமல் போய்விடும். எனவே கணவன் இல்லாத பெண் கருவுற்றாலும், கணவன் இன்னும் சிறுவனாக இருந்தாலும், உரிய பிரிவைச் சேர்ந்த ஓர் ஆணை அழைத்துச் சடங்கை நடத்திவிடுவார்கள். ஒரு குழந்தையும் குலமில்லாமல் மண்ணில் விழக் கூடாது என்பதில் அந்தச் சமூகம் காட்டிய அக்கறை என்னை இன்றும் நெகிழ வைக்கிறது.

தோடர்களிடையே இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. ஒரு பிரிவினர் மற்றதில் மணம் செய்துகொள்வதில்லை. ஆனால் பிரிவைத் தாண்டிய காதல் உறவுகளுக்கு ஊர் அறிந்த, ஒப்புக்கொள்ளப்பட்ட இடம் இருந்தது. அப்படிப்பட்ட உறவில் குழந்தை உண்டானாலும் காதலர் வில் கொடுக்க முடியாது. கணவனே கொடுப்பார், கணவனே தந்தை. நேசம் ஒரு தளத்திலும் தந்தைமை இன்னொரு தளத்திலும் நடந்தன. இருவருக்கிடையே உள்ள நெருக்கத்தையும், அடுத்த தலைமுறையை ஊரில் நிலைநிறுத்தும் ஏற்பாட்டையும் ஒரே உறவிலிருந்து எதிர்பார்க்கிறோம் நாம். அவர்கள் அவ்வாறு எதிர்பார்க்கவில்லை.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லியே ஆக வேண்டும். குன்னூரில் வளர்ந்த நான், ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலே உள்ள மந்துக்குப் பயணிகளை அழைத்துச் செல்லும் சிலர், "ஒரே பெண்ணுக்கு அஞ்சு புருஷன், அப்பா யாருன்னே தெரியாது" என்று கண்சிமிட்டிச் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இதைவிடப் பெரிய பொய் இருக்க முடியாது. எந்தத் தோடர் குழந்தைக்கும் தன் தந்தை யார் என்பதில் ஐயமே இல்லை. விளக்கு சாட்சியாக, உறவினர் பார்க்க, குழந்தை பிறக்கும் முன்பே தீர்மானமான விஷயம் அது. காலனிய அதிகாரிகளும் பயணிகளும் எழுதி வைத்த கிளுகிளுப்பான வர்ணனைகள் நூற்றாண்டு தாண்டியும் வாய்க்கு வாய் ஓடிக்கொண்டிருக்கின்றன. பூத்துக்குளி என்ற தோடர் போர்வை போர்த்திய பாட்டி வாசலில் உட்கார்ந்து பூவேலை செய்துகொண்டிருக்க, அவர் காதுபடவே இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மலையில் தோடர்கள் மட்டும் இப்படிச் செய்யவில்லை. படகர்களிடம் முதல் கர்ப்பத்தின்போது கணவன் மனைவியின் கழுத்தில் நூல் கட்டும் சடங்கு இருந்ததையும், அதற்குப் பிறகே திருமணம் முழுமையாக உறுதிப்பட்டதாகக் கருதப்பட்டதையும் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் காணலாம். சமவெளியில் நாம் செய்யும் வளைகாப்பும் சீமந்தமும் ஏறக்குறைய அதே மாதங்களில்தான் வருகின்றன. தாய்க்குக் காப்பு, குழந்தைக்கு வாழ்த்து என்றே அவற்றை நினைக்கிறோம். கணவன் வீட்டார் அத்தனை பேர் முன்னிலையில் 'இது எங்கள் வீட்டுப் பிள்ளை' என்று ஒப்புக்கொள்ளும் வேலையும் அந்தக் கூடத்தில் நடந்துவிடுகிறது என்பது என் கருத்து.

இனி கோட்பாட்டாளர்களிடம் போவோம். நியூ கினிக்கு அருகே உள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் முதல் உலகப் போர்க் காலத்தில் ஆய்வு செய்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, 1930இல் ஒரு பொது விதியை முன்வைத்தார். எந்தச் சமூகமாக இருந்தாலும், குழந்தைக்கும் ஊருக்கும் இடையே காவலாகவும் இணைப்பாகவும் ஓர் ஆண் நிற்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத குழந்தையும் தாயும் முழுமையற்ற குடும்பமாகவே கருதப்படுவார்கள் என்றார். இதற்கு 'முறைமை விதி' என்று பெயர். இதில் அந்த ஆண் குழந்தையைப் பெற்றவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ட்ரோப்ரியாண்ட் மக்கள் கருத்தரிப்பில் ஆணுக்குப் பங்கே இல்லை என்று தன்னிடம் சொன்னதாக அவர் பதிவு செய்தார். அங்கேயும் தாயின் கணவருக்குத் தந்தை என்ற இடம் இருந்தது. குழந்தையைத் தூக்கி வளர்த்தவர் அவர்.

கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக மலையிறங்கினால் பழைய மலபார். அங்கே நாயர் குடும்பங்கள் தரவாடு எனப்படும் தாய்வழிக் கூட்டுக் குடும்பங்களாக வாழ்ந்தன. ஒரு பெண்ணுக்குப் பல சம்பந்தக்காரர்கள், அதாவது ஊர் ஒப்புக்கொண்ட துணைவர்கள், இருக்கலாம். அவர்கள் இரவில் வந்து காலையில் போவார்கள். குழந்தைகளை வளர்ப்பது, சோறு போடுவது, அதட்டுவது எல்லாம் தாய்மாமன் பொறுப்பு. அப்படியென்றால் இங்கே திருமணம் இருந்ததா, தந்தை என்ற நிலை இருந்ததா என்ற கேள்வியைக் கையில் எடுத்தவர் மானிடவியலாளர் கேத்லீன் கஃப். கேரளத்திலும், பின்னர் தஞ்சாவூர்க் கிராமங்களிலும் தங்கி ஆராய்ந்தவர் அவர். 1959இல் வெளிவந்த அவருடைய கட்டுரை ஒரு சிறிய வழக்கத்தைச் சுட்டியது. குழந்தை பிறந்ததும், தகுதியான குலத்தைச் சேர்ந்த சம்பந்தக்காரர் ஒருவர் மருத்துவச்சிக்குத் துணியும் காய்கறியும் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் குழந்தைக்கு முறையான பிறப்பு. யாரும் கொடுக்க முன்வராவிட்டால் அந்தத் தாய் விலக்கப்பட்ட ஆணோடு பழகியதாக ஐயுற்றுத் தள்ளிவைத்தார்கள்.

ஒரு முழத் துணியும் கொஞ்சம் காய்கறியும்! அதற்கு மேல் அந்த ஆண் குழந்தைக்கு எதையும் செய்யத் தேவையில்லை. தோடர் வில் குழந்தைக்குக் குலத்தையும் எருமையையும் கொடுத்தது. மலபார்த் துணி குழந்தையின் பிறப்பு களங்கமற்றது என்பதற்கு மட்டும் சான்றளித்தது. சமூகத் தந்தைமை என்பது எங்கும் ஒரே அளவுள்ள பொட்டலம் அல்ல என்று இங்கே தெரிகிறது. இதனால் கஃப் திருமணத்துக்கே புதிய வரையறை எழுதினார். பெண்ணொருத்திக்கும் வேறு ஒருவர் அல்லது பலருக்கும் இடையே ஏற்படும் உறவில் பிறக்கும் குழந்தைக்கு அந்தச் சமூகத்தின் முழுமையான பிறப்புரிமை கிடைக்குமானால் அது திருமணம் என்றார். மற்றவர் ஆண் என்று அவர் குறிப்பிடவில்லை. ஆப்பிரிக்காவின் நூவர் மக்களிடையே பிள்ளைப்பேறு இல்லாத பெண், இன்னொரு பெண்ணை முறைப்படி மணந்து, அவளுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தானே தந்தையாவது வழக்கம். அதையும் உள்ளடக்க வேண்டியிருந்தது.

இன்னொரு மானிடவியலாளரான எட்மண்ட் லீச் இன்னும் கறாரானவர். திருமணம் தரக்கூடிய உரிமைகளைப் பத்து வகையாக 1955இல் பட்டியலிட்டு, எந்தச் சமூகத்திலும் பத்தும் ஒருசேர வருவதில்லை, ஆகவே உலகம் முழுமைக்கும் ஒரே வரையறை தேடுவது வீண் என்றார். சீனாவின் தென்மேற்கில் வாழும் நா மக்கள் தந்தை என்ற சமூகப் பதவிக்கு அதிக இடம் கொடுக்காமலேயே, தாய்வீட்டில் தாய்மாமன்களோடு பிள்ளைகளை நன்றாக வளர்த்திருக்கிறார்கள். மாலினோவ்ஸ்கியின் விதி அங்கே தள்ளாடுகிறது. லீச் பக்கமே நியாயம் அதிகம் என்று நினைக்கிறேன். ஆனாலும் குழந்தையின் இடம் என்ன என்ற கேள்வியை மையத்தில் வைத்ததற்காகக் கஃப்பின் வரையறை மீது எனக்குப் பிடிப்பு உண்டு.

இதெல்லாம் மலையிலும் தீவிலும் நடக்கும் விஷயங்கள், நமக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று தோன்றினால், உங்கள் பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் இனிஷியல்தான் வில். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் ஒருவர் தன் பெயரை எழுதவிடுகிறார். அந்த எழுத்து பிள்ளையோடு கல்யாணப் பத்திரிகை வரைக்கும் வருகிறது. அதை யாரும் ரத்தப் பரிசோதனை செய்து போடுவதில்லை. கோத்தகிரிப் பக்கத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் எனக்குத் தெரிந்த ஒரு பையன் கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தவன். பெற்றோர் கூட்டத்துக்கு வருவது, காய்ச்சலென்றால் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது, ஃபீஸ் கட்டுவது எல்லாம் சித்தப்பா. இனிஷியல் மட்டும் அவன் முகம் பார்த்தறியாத தந்தையுடையது. இறந்தவரின் வில் இன்னும் அவனுக்குக் காவல் நிற்கிறது; உயிரோடிருப்பவர் அதைத் தாங்கிப் பிடிக்கிறார். அவர்கள் வீட்டில் இதில் யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

மலையகத் தமிழர்களின் குடியுரிமை பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்து சேர்ந்த குடும்பங்களிலும் இப்படிப்பட்ட ஏற்பாடுகளைக் கேட்கலாம். குடியுரிமைத் தாள்கள் ஒரே வீட்டாரைக் கடலுக்கு இரு கரையிலும் பிரித்துப் போட்டன. பிள்ளைகள் பெரியப்பாவோடோ தாத்தாவோடோ கப்பலேறினார்கள். அழைத்து வந்தவர் வளர்த்தார், வளர்த்தவர் தந்தையானார்.

நம் சட்டமும் வில்லைத்தான் முதலில் பார்க்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம், 112ஆம் பிரிவில், செல்லுபடியாகும் திருமணம் நடப்பில் இருக்கும்போது பிறந்த குழந்தையும், திருமணம் முறிந்து 280 நாட்களுக்குள், தாய் மறுமணம் செய்யாத நிலையில் பிறந்த குழந்தையும் அந்தக் கணவனின் முறையான பிள்ளை என்பதற்கு அதுவே முடிவான சான்று என்றது. கருவுறக்கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அணுக வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால் மட்டும் விலக்கு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்திலும் 116ஆம் பிரிவாக அது அப்படியே தொடர்கிறது. தாலி கட்டியபோதே வில்லும் கொடுத்தாயிற்று என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது.

தத்தெடுப்பில் இது இன்னும் வெளிப்படை. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி, தத்துச் செல்லுபடியாக வேண்டுமானால் குழந்தையைக் கொடுப்பதும் வாங்குவதும் நேரடியாக நடக்க வேண்டும். தத்த ஹோமம் கட்டாயமில்லை. கைமாறுதல் கட்டாயம். தோடர் சடங்கைப் போலவே இங்கும் கொடுக்கும் கையும் வாங்கும் கையும் இருந்தால்தான் உறவு பிறக்கிறது. 2021இல் வந்த செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் ஒரு படி மேலே போகிறது. கொடையாளரின் விந்தாலோ கருமுட்டையாலோ பிறந்த குழந்தை, சிகிச்சையை நாடிய தம்பதியின் உயிரியல் குழந்தையாகவே கருதப்படும் என்றும், கொடையாளருக்குப் பெற்றோர் உரிமை எதுவும் கிடையாது என்றும் அது சொல்கிறது. 'கருதப்படும்' என்று சட்டம் எழுதும்போது நடப்பதும் ஒரு சடங்குதான்.

வில் மரபில் பெண் எங்கே இருக்கிறாள் என்ற கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. வில் கொடுப்பவன் ஆண். குலம் ஆணின் குலம். சிறு வயதிலேயே நிச்சயிக்கப்பட்ட மணங்களில் பெண்ணின் விருப்பத்துக்கு இடம் குறைவு. பலகணவர் மணத்தின் பின்னணியில் பெண்களின் எண்ணிக்கை குறைந்திருந்ததும், அதற்குப் பின்னால் பெண்சிசுக் கொலை இருந்ததும் அந்தக் காலத்துப் பதிவுகளில் உண்டு. பழைய சமூகம் என்பதற்காக எதையும் பொன்னாக்கிக் காட்ட எனக்கு விருப்பமில்லை. அதே நேரத்தில், ரிவர்ஸ் கவனிக்காமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். தோடர்களுக்குத் தந்தைவழிக் குலத்தோடு தாய்வழிக் குலமும் உண்டு. இரண்டுக்குள்ளும் மணம் செய்துகொள்வதில்லை. 1930களில் நீலகிரியில் தங்கி தோடர் மொழியைக் கற்ற மொழியியலாளர் முர்ரே எமனோ இதை வெளிக்கொண்டு வந்தார். தாய்வழிக் குலம் பிறப்பிலேயே வந்துவிடும். அதற்கு வில் வேண்டாம், விளக்கு வேண்டாம். சடங்கு தேவைப்பட்டது தந்தை பக்கத்துக்கு மட்டும்.

அதனால்தான் நம் ஊரில் தந்தையின் பெயர் இல்லாத பிள்ளையைத் திட்டும் வசைச்சொல் என்னை இவ்வளவு கோபப்படுத்துகிறது. வில் கொடுக்காமல் ஓடியவன் வளர்ந்த ஆள். வசை விழுவது குழந்தையின் தலையில். தோடர்கள் அப்படிக் கைவிடவில்லை என்பதை மேலே பார்த்தோம். அரசாங்கத் தாள்களும் மெல்ல மாறுகின்றன. மணமாகாத தாய், தந்தைக்குத் தகவல் தராமலேயே குழந்தைக்குச் சட்டப்படிக் காப்பாளராகலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016 டிசம்பர் முதல் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயர் போதும். தாயின் எழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொள்பவர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். வில்லைத் தாயே கொடுக்கிறாள்.

ஒரு குழந்தைக்கு ஒரே தந்தைதான் இருக்க வேண்டும் என்பதும் உலகப் பொதுவிதி அல்ல. வெனிசுவேலா-கொலம்பியா எல்லையில் வாழும் பாரி மக்களிடம், தாய் கருவுற்றிருக்கும்போது அவளோடு உறவுகொண்ட மற்றோர் ஆணும் குழந்தையின் உருவாக்கத்தில் பங்கு பெறுகிறான் என்ற நம்பிக்கை இருந்தது. பிரசவத்தின்போது தாய் அவன் பெயரையும் சொல்வாள். அவன் மீனும் இறைச்சியும் கொண்டுவந்து கொடுக்கக் கடமைப்பட்டவன். 1990களில் இதை ஆராய்ந்தவர்கள், இப்படித் துணைத் தந்தை இருந்த குழந்தைகளில் 80 விழுக்காட்டினரும், ஒரே தந்தை இருந்தவர்களில் 64 விழுக்காட்டினரும் 15 வயதை எட்டியதாகக் கணக்கிட்டார்கள். பாரி மக்களுடைய உயிரியல் நம்பிக்கை தவறு. அது ஏற்படுத்திய கடமை குழந்தையின் வயிற்றை நிரப்பியது.

இரண்டு கேள்விகளும் இன்று நேருக்கு நேர் மோதும் இடம் மரபணுச் சோதனை. ரிவர்ஸ் காலத்தில் உயிரியல் தந்தை யார் என்பது ஊகம். வில் மட்டுமே உறுதி. இப்போது சில துளி ரத்தத்தில் விடை வந்துவிடுகிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் ஒரு ஜீவனாம்ச வழக்கில், சட்டத்தின் ஊகத்துக்கும் அறிவியல் உண்மைக்கும் மோதல் வந்தால் அறிவியலே மேலோங்க வேண்டும் என்றது. 2025 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில், திருமணத்துக்குள் பிறந்த மகனுக்கு வேறொருவர் தந்தை என்று காட்ட மரபணுச் சோதனை கேட்டபோது, கணவனும் மனைவியும் அணுக வாய்ப்பில்லை என்று முதலில் நிரூபிக்கப்படாத நிலையில் சட்டப்படித் தந்தை கணவரே என்றது. ஒரே சட்டப் பிரிவை வைத்துக்கொண்டு இரண்டு திசைகளில் நடந்த வாதங்கள் இவை.

என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பரம்பரை நோய் பற்றி அறிய வேண்டிய இளைஞனுக்கும், கொடையாளர் வழியாகப் பிறந்து தன் தோற்றத்தைத் தெரிந்துகொள்ள விரும்பும் பெண்ணுக்கும் முதல் கேள்விக்கான விடை கிடைக்க வேண்டும். அதை மறைக்க யாருக்கும் உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை. அந்த விடை இரண்டாவது கேள்வியின் விடையை அழிக்கக் கூடாது. பத்து ஆண்டுகள் மகளைத் தோளில் சுமந்தவர், ஆய்வுக்கூட அறிக்கையைக் காட்டி இனி நான் இவளுக்கு யாருமில்லை என்று விலகிப்போக அனுமதிக்கும் ஒரு தீர்ப்பு வருமானால், அது குழந்தையின் கையிலிருந்து வில்லைப் பிடுங்குவதாகும். முதல் கேள்விக்கு ஒரு மருத்துவப் பதிவேடும், இரண்டாவதற்கு ஒரு குடும்பப் பதிவேடும் தனித்தனியே இருக்கலாம்; ஒன்றில் எழுதியது மற்றதைத் திருத்தத் தேவையில்லை.